சித்திரையா, ஆடியா, புரட்டாசியா? சென்னையிலிருந்து மலைப்பூ தேடிப் போகிறவர்களுக்கு

கத்திரி வெயில் தொடங்கியதும் சென்னையில் பாதி வீடுகளில் ஒரே பேச்சுதான்: எங்கேயாவது மலைக்குப் போய்விட்டு வரலாம். அப்போது யாராவது ஒருவர் போனில் ஒரு படம் காட்டுவார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இளஞ்சிவப்புப் பூ, நடுவில் ஒற்றையடிப் பாதை, பின்னால் பனிமலை. அது உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு. அந்தப் படத்தை நம்பி மே மாதம் அங்கே போனால் பூ இருக்காது, பூங்காவின் வாசலும் திறந்திருக்காது. படம் எடுத்தது ஆகஸ்டில்.

சென்னையில் கோடை என்றால் ஏப்ரல், மே. மலைப்பூக்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் செடிகள் தென்மேற்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். இமயமலைச் செடிகள் முதலில் பனி உருகவும் பிறகு மழை பெய்யவும் காத்திருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் கண் நிறையப் பூக்கிறது பெரும்பாலும் கிழக்கு இமயமலையின் ரோடோடென்ட்ரான் மரங்கள்தான். அதனால் "எந்த மலை?" என்று தொடங்காமல், எந்த மாதம் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மலை தானாக முடிவாகிவிடும்.

தமிழ் மாதக் கணக்கில் பார்த்தால் இது இன்னும் சுலபம். சித்திரை, வைகாசியில் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு. அதே சித்திரையில் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா, சிக்கிமில் பர்சே. ஆடியில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடிய மேற்குத் தொடர்ச்சி மலை.

பக்கத்து மலைகள்: பூவுக்கு அல்ல, நிழலுக்கு

மே மாத ஊட்டி, கொடைக்கானலில் பூ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோட்டத்தில். 1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் நடக்கும் மலர்க் கண்காட்சி, தொட்டியிலும் பாத்தியிலும் வளர்த்த செடிகளின் கண்காட்சி. ஊருக்குள் ஊதாவாகச் சொரியும் ஜகரண்டாகூடத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம்தான். மலையடிவாரச் சாலைகளில் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றை நம்முடையது, ஆனால் அதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம். மலையுச்சிப் புல்வெளிகள் அந்தச் சமயத்தில் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் இன்னும் முழுசாகத் துளிர்த்திருக்காது.

மே மாதத்தில் இங்கே நடக்க நல்ல இடம் சோலைக்காடு. கோத்தகிரி பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், 2024-இல் முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மண் ஈரமாக இருக்கும். மரங்கள் குட்டை, கிளைகள் கோணல்மாணல், பட்டை முழுக்கப் பாசியும் பெரணியும். புதுத் துளிர்கள் செம்பு நிறத்தில் வரும், தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே நினைக்கத் தோன்றும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவும் ஊட்டியின் கெய்ர்ன் ஹில்லும் போதும். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி இறங்கும் பாதை அழகு, ஆனால் இறங்கினதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் காப்பகம் உண்டு. கோடை மழைக்குப் பிறகு மரத்தில் தொற்றி வளரும் சில ஆர்க்கிட்கள் பூக்கும். அவற்றைத் தேட கழுத்தை நிமிர்த்தி நடக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அதில் பலர். அதற்குப் பிறகுதான் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காட்டுத்தீக் காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடியிருந்தது. டிக்கெட் எடுப்பதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். "லோக்கல் ஆள் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டுப் போவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தீ ஏன் அப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது அதன் சூடு மேலே இருக்கும் காய்ந்த புல்லை முன்கூட்டியே வறுத்துவிடுகிறது. அதனால் சமதளத்தில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். மனிதக் கால் அதோடு போட்டி போட முடியாது. புகை தெரிந்தால் புல்சரிவில் மேலே ஓடக் கூடாது. பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, ஈரமான சோலை, இதில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு ஒரு நாள் வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசுப் பேருந்தைப் பிடியுங்கள். பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. நடையைக் காலை ஆறரைக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். மே மாத மதியங்களில் கோடை மழை இடியோடு வரும், திறந்த புல்வெளியில் நீங்கள்தான் உயரமான பொருளாக நிற்பீர்கள்.

சித்திரையில் சிங்கலிலா

பள்ளிக்கூட லீவை விட்டால் வேறு வழியில்லை, ஆனால் பூ பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான இடம். மேற்கு வங்காளமும் நேபாளமும் தொடும் மலைமுகட்டின் மேலேயே போகும் பாதை. மானேபஞ்சனில் தொடங்கி தும்லிங், காலாபோக்ரி வழியாக 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தக்ஃபூ வரை போகும். வானம் தெளிந்தால் காஞ்சன்ஜங்கா, எவரெஸ்ட், லோட்சே, மக்காலு நான்கும் ஒரே வரிசையில் தெரியும்.

ரோடோடென்ட்ரான் நமக்கு அந்நியம் இல்லை. பழனி மலையிலும் நீலகிரியிலும் காட்டுப்பூவரசு என்று சொல்கிற மரம் இதே இனத்தின் தென்னாட்டுக் கிளை. ஆனால் நம் மரம் மலைக்கு ஒன்றிரண்டாகச் சோலை ஓரத்தில் நிற்கும், பூக்கும் காலமும் பெரும்பாலும் மார்ச்சோடு முடிந்துவிடும். சிங்கலிலாவில் சரிவு முழுக்கக் காடாக நிற்கிறது. கீழே ரத்தச் சிவப்பு, மேலே போகப் போக இளஞ்சிவப்பு, வெள்ளை, வெளிர் ஊதா. விடியற்காலையில் குளிர் கடுமையாக இருந்தால் மேல்மட்டத்து மரங்களின் இலைகள் பீடி சுற்றினதுபோல நீளவாக்கில் சுருண்டு கீழே தொங்கும். வெயில் பட்டு அரை மணி நேரத்தில் விரிந்துவிடும். மரம் பட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

பூ எல்லா உயரத்திலும் ஒரே நாளில் மலர்வதில்லை, மலை ஏறுகிறது. ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கத்தில் 2,500 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் உச்சம். ஏப்ரல் கடைசியில் 3,000. மே முதல் வாரத்தில் 3,200-க்கு மேல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தேர்வு முடிந்து கிளம்ப ஏப்ரல் கடைசி ஆகிவிடும். அப்போது மானேபஞ்சன் பக்கத்துச் சிவப்பு உதிர்ந்து தரையில் கிடக்கும். அதனால் தும்லிங்கோடு திரும்பிவிடாமல் சாந்தக்ஃபூ வரை போகும்படி திட்டம் போடுங்கள். குளிர் நீடித்த வருஷத்தில் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு வாரம் தள்ளும்.

இந்தப் பாதையில் பெரிய குறை ஒன்று உண்டு. சாந்தக்ஃபூ வரை ஜீப் போகிறது. நீங்கள் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது பழைய லேண்ட்ரோவர் ஒன்று புகை கக்கிக்கொண்டு பக்கத்தில் போகும். ஏறின வழியே இறங்காமல் குர்தும், ஸ்ரீகோலா வழியாக இறங்கினால் அந்தக் குறை தீரும். அது முழுக்கக் காட்டுப்பாதை, ஜீப் கிடையாது. ஆனால் ஒரே மூச்சில் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம், முட்டிவலி உள்ளவர்கள் குர்துமில் ஒரு ராத்திரி தங்கிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டி கட்டாயம், மானேபஞ்சனிலேயே ஏற்பாடு செய்யலாம். பாதை பல இடங்களில் நேபாளத்துக்குள் நுழைந்து வெளியே வரும், தும்லிங் ஊரே நேபாளத்தில்தான் இருக்கிறது. சோதனைச் சாவடியில் காட்ட வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் பாக்டோக்ரா போய் அங்கிருந்து ஜீப் பிடித்தால் போகவர ஏழு நாள் போதும். ரயிலில் நியூ ஜல்பைகுரி போனால் பத்து, பதினொன்று ஆகும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை தேசியப் பூங்கா மூடியிருக்கும்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் சிக்கிமின் பர்சே சரணாலயத்தைப் பாருங்கள். ஹில்லேயிலிருந்து பர்சே வரை நாலரைக் கிலோமீட்டர்கூட இல்லை, ஏற்றமும் குறைவு, இரண்டு பக்கமும் ரோடோடென்ட்ரான். பனிமலை வரிசை சிங்கலிலா அளவுக்கு விரியாது. பூ மட்டும் போதும் என்றால் பர்சேதான் லாபம்.

ஆடியில் பூக்களின் பள்ளத்தாக்கு

ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. ஆபீசில் லீவு கேட்டால் "யார் வீட்டு விசேஷம்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளத்தாக்கு உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஆடி மாதம்தான், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை.

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது. 1931-இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரின் குழு வழியில் இதைப் பார்த்துச் சொன்னபிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 1982-இல் தேசியப் பூங்கா ஆனது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். ஜூன் 1 அன்று திறந்து அக்டோபர் 31 அன்று மூடுவார்கள்.

இந்த ஐந்து மாதமும் ஒன்றுபோல இருக்காது. ஜூனில் பாதையில் பனிப்பாளங்கள் கிடக்கும். பனி விலகின இடத்தில் ப்ரிமுலாவும் அனிமோனும் தலைகாட்டும். படமெடுத்த பாம்புபோல மடல் கவிந்த அரிசீமாவையும் இப்போதுதான் பார்க்கலாம். ஜூலை நடுவில் ஜெரேனியம், பொட்டென்டில்லா என்று பத்தடிக்கு ஒரு நிறம். பாறை இடுக்கில் நீலப் பாப்பி. ஆகஸ்ட் தொடங்கினதும் இளஞ்சிவப்புக் காசித்தும்பை ஆள் உயரத்துக்கு எழும்பிப் பள்ளத்தாக்கையே மூடிவிடும். நம் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் காசித்தும்பைக்கு அக்கா முறை. முற்றின காய் தொட்டவுடன் சுருண்டு வெடித்து விதையைத் தெறிக்கவிடுவதும் அதேபோலத்தான். போனில் காட்டுகிற படம் இந்த வாரங்களில் எடுத்தது. ஆனால் காசித்தும்பை உயர்ந்துவிட்டால் அதன் கீழே இருக்கும் சின்னப் பூக்கள் மறைந்துபோகும். நிறைய வகை பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜூலை மூன்றாம், நான்காம் வாரம் போக வேண்டும். ஒரே நிறக் கம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு ஆகஸ்ட் முதல் பத்து நாள். செப்டம்பரில் வானம் தெளியும், மலை நன்றாகத் தெரியும், பூ பெரும்பாலும் விதையாகியிருக்கும்.

பூங்கா ஆனபிறகு ஆடுமாடு மேய்ப்பது நின்றது. அதோடு பெர்சிகாரியா என்ற உயரமான வெள்ளைப்பூச் செடி பெருகி மற்றச் செடிகளை அமுக்கத் தொடங்கிவிட்டது. வனத்துறை ஆளை வைத்து அதை வெட்டி எடுக்கிறது. பாதையோரம் செடி வெட்டிக் கிடந்தால் யாரோ நாசம் செய்துவிட்டார்கள் என்று ஆத்திரப்பட வேண்டாம்.

பாதை இப்படி. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோவிந்த்காட், பிறகு நாலு கிலோமீட்டர் ஜீப்பில் புல்னா. புல்னாவிலிருந்து கங்காரியா 10 கிலோமீட்டர் ஏற்றம், கல் பாவிய பாதை, குதிரையும் கிடைக்கும். கங்காரியா 3,050 மீட்டர். பள்ளத்தாக்குக்குள் இரவில் தங்க அனுமதி இல்லை, குதிரைக்கும் அனுமதி இல்லை. எனவே கங்காரியாவில் அறை எடுத்து, தினமும் காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். ஊர் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பாதை பிரியும். இடது பக்கம் பள்ளத்தாக்கு, வலது பக்கம் ஹேம்குண்ட் சாகிப் குருத்வாரா. புஷ்பாவதி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு செங்குத்தான ஏற்றம், அதுதான் மூச்சைப் பிடிக்கும். ஏறி முடித்தால் உள்ளே ஏறக்குறைய சமதளம்.

எல்லோரும் செய்கிற தவறு, பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குவது. முதல் நாள் பாதி நேரம் மேகம் மூடியிருந்தால் அவ்வளவுதான். கங்காரியாவில் மூன்று இரவு தங்கி இரண்டு நாள் உள்ளே போங்கள். முதல் நாள் நின்று பார்த்து மெதுவாக நடங்கள். இரண்டாம் நாள் ஏழு மணிக்கு வாசல் திறந்ததும் நுழைந்து நேராகக் கடைசி வரை போய்விடுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு கிலோமீட்டரில் படம் எடுத்துத் திரும்பிவிடுவதால் உள்பகுதி காலியாக இருக்கும். 1939-இல் செடி சேகரிக்க வந்து சறுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது.

ஹேம்குண்ட் போவதா வேண்டாமா? கங்காரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டரில் 4,300 மீட்டரைத் தாண்டிவிடும். கடல் மட்டத்திலிருந்து போன சென்னைக்காரர் நான்காவது நாளே அந்த உயரத்தில் நின்றால் தலைவலி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் பிரம்ம கமலம் பார்க்க வேண்டுமென்றால் அந்த வழியில்தான் பார்க்க முடியும், ஆகஸ்டில். அதற்காகப் போகிறவர்கள் பள்ளத்தாக்கின் இரண்டு நாள்களை முடித்துவிட்டு, உடம்பு பழகியபிறகு, கடைசி நாளில் போகட்டும். முதலில் ஹேம்குண்ட், பிறகு பள்ளத்தாக்கு என்று போட்டிருக்கும் பேக்கேஜ்களை மாற்றச் சொல்லுங்கள்.

இந்தத் தேர்வின் பெரிய ஆபத்து நடையில் இல்லை, சாலையில் இருக்கிறது. அதே மழைதான் பூவையும் கொண்டுவருகிறது, மலையையும் சரிக்கிறது. உத்தராகண்டிலேயே இருக்கும் ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகுக்கும் இடையில் சிரோபகட் போன்ற இடங்களில் சரிவு விழுந்தால் வண்டிகள் மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க நிற்கும். இரவில் மலைச்சாலையில் வண்டி விட மாட்டார்கள், எனவே மதியம் தாமதமானால் அன்றைய பயணம் வழியிலேயே முடிந்தது. திரும்பும்போது ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். ரிஷிகேஷ் வந்த அன்றே மாலை டெல்லியில் விமானம் என்று டிக்கெட் எடுத்தவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள். விமானத்தில் போனால் அந்த ஒரு நாளையும் சேர்த்து ஒன்பது நாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் டெல்லிக்கு மட்டும் சுமார் 33 மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு நாள் கேட்கும்.

புரட்டாசியில் நம் பக்கத்து மலை

காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பூ கொழிக்கும் சமயமும் அதுவே. இதை ஏனோ சென்னையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் சாதாரா அருகே காஸ் பீடபூமி இருக்கிறது, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒன்று. செம்பாறை மேல் விரல் ஆழம் மண், அதில் முட்டி உயரத்துக்கு மேல் எதுவும் வளராது. மண்ணில் சத்து குறைவு என்பதால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகள் நிறைய. ஊதாப் பூ விடும் யூட்ரிகுலேரியா ஒன்று, பசை முத்து ஒட்டிய சிவப்பு மயிரோடு ட்ரோசெரா இன்னொன்று. குனிந்து, கண்ணைத் தரையருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நடை என்று பெரிதாக எதுவும் இல்லை. முட்டிவலிக்காரர்களுக்கு நான்கு நாளில் முடிகிற நல்ல பயணம். சனி, ஞாயிறில் மட்டும் போகாதீர்கள்.

நடையும் வேண்டும் என்றால் கர்நாடகத்தின் குதிரைமுகம். 1,894 மீட்டர், போகவர இருபது கிலோமீட்டருக்குமேல், ஒரே நாளில் முடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டியும் தேவை. மங்களூர் ரயிலில் போய் களசா பேருந்து ஏறலாம். காட்டுக் காசித்தும்பைகளும் தரை ஆர்க்கிட்களும் ஓடைக்கரை முழுக்கப் பூத்திருக்கும். ரத்தம் உறிஞ்சும் அட்டையும் அதே அளவுக்கு இருக்கும். அட்டைக்குக் கெட்டியான நெசவில் முட்டி வரை வரும் அட்டை சாக்ஸ்தான் சரியான வழி. உப்புத் தடவினால் அது மழையில் கரைந்துபோகும். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைக் கிடையாகத் தள்ளி எடுங்கள். அது கக்கும் பொருள் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இடையில் வேறு குறிஞ்சி வகைகள் அங்கங்கே பூக்கும். "இந்த வருஷம் மூணாறில் குறிஞ்சி" என்று வருகிற செய்தி பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

எங்கே போனாலும் இதைப் பாருங்கள்

முதலில் ஷூ. சென்னையில் அலமாரியில் மூன்று, நான்கு வருஷம் சும்மா கிடந்த டிரெக்கிங் ஷூவைப் பார்த்தால் புதுசுபோலத்தான் இருக்கும். ஆனால் பல ஷூக்களின் அடிப்பாகத்துக்கு மேலே மெத்தைபோல இருக்கும் நடு அடுக்கின் பாலியூரித்தேன் நுரை ஈரக் காற்றில் மெல்லச் சிதையும். போடாமல் வைத்தால் இன்னும் வேகமாக. மலையில் முதல் நாளே அடிப்பாகம் முழுசாகக் கழன்று வரும். கிளம்ப ஒரு மாதம் முன்பு எடுத்து அந்த நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் மீளாமல் பதிந்தால், அல்லது மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தாலும் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடந்து பாருங்கள். அகலமான துணி டேப் இரண்டு மீட்டரைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றி எடுத்துப் போனால் வழியில் பிரிகிற அடிப்பாகத்தைக் கட்டி ஊர் வந்து சேரலாம்.

பயிற்சிக்கு மெரினா மணலில் நடப்பதைவிடப் படி ஏறுவது நல்லது. திருக்கழுக்குன்றத்தில் 500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. முதுகில் ஆறேழு கிலோ பையோடு வாரம் ஒரு நாள் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள், மலையில் முட்டி போவது இறக்கத்தில்தான். மற்ற நாள்களில் அபார்ட்மெண்ட் படிக்கட்டே போதும். ஆறு வாரம் இப்படிச் செய்தால் சாந்தக்ஃபூவும் பள்ளத்தாக்கும் சிரமமில்லை.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் பசியின்மையும் சேர்ந்தால் அது ஜலதோஷம் இல்லை, உயர நோய். மேலே ஏறுவதை நிறுத்துங்கள். கூடினாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்குங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை உண்டு என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் காயாது. ஆடிப் பயணத்துக்குப் பையையும் சேர்த்து மூடும் பாஞ்சோ நல்லது. புல்னா–கங்காரியா பாதையில் நம் ஊர்க் குடையே பாஞ்சோவைவிட வசதி, உள்ளே வியர்த்துக் கொட்டாது. சிங்கலிலா முகட்டுக் காற்றில் அதே குடை ஐந்து நிமிஷம் தாங்காது, அங்கே மழை ஜாக்கெட்தான். சூடான சோறு எல்லா இடத்திலும் கிடைக்கும், பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப் போனால் ராஜ்மாவிலிருந்து ஒரு வேளை தப்பிக்கலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும், பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று கிளம்ப வேண்டுமென்றால் ஜூன் 2 காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். திரும்பும் டிக்கெட்டை அந்தச் சும்மா விட்ட நாளையும் சேர்த்து எண்ணி எடுங்கள்.